பாதி ஆட்டத்தில் பக்கம் மாறாத கோல்கீப்பர்

போன வருஷம், அதாவது 1925-இல், ரப்பர் விலை தாறுமாறாக ஏறித் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிமார்கூட மோட்டார் சைக்கிளில் பறந்துகொண்டிருந்த நாட்களில், ஈப்போ படாங்குக்கு எதிரே இருக்கும் ஒரு சீனர் காப்பிக் கடையில்தான் அந்த யோசனை எனக்குத் தோன்றியது. படாங் என்பது எங்கள் ஊர் நடுவே கிடக்கும் பெரிய புல்வெளி. சாயங்காலமானால் அங்கே பந்தாட்டம் இல்லாத நாள் கிடையாது. ஆட்டம் பார்த்துவிட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம்: நான், என்னோடு ஆங்கிலப் பள்ளியில் படித்த மலாய்க்கார நண்பன் ஒருவன், நில அளவை இலாகாவில் வேலை பார்க்கும் தமிழ் நண்பன் ஒருவன்.

மாநிலங்களுக்கிடையே கோப்பைப் போட்டி தொடங்கிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. எங்களுக்கோ வேறு பேச்சே இல்லை. சட்டென்று நான் கேட்டேன்: "நம்ம பேராக்குக்கு ஒரு அணி இருக்கு. சிலாங்கூருக்கு இருக்கு, சிங்கப்பூருக்கு இருக்கு. மலாயாவுக்கு எங்கடா இருக்கு? நாளைக்கே வெளிதேசத்து அணி ஒண்ணு கப்பல்ல வந்து இறங்கினா யாரை அனுப்புவீங்க?"

கேட்டதுதான் தாமதம், மூன்று பேரும் மேசையில் மலாயா அணியைக் கட்ட ஆரம்பித்துவிட்டோம். ஆட்டக்காரர்களின் கதை எனக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த ஊர், எந்த ஆட்டம், எந்தக் காலால் அடித்தார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சிங்கப்பூர்ச் சீனர் ஒருவர் இருக்கிறார். பந்து அவர் காலோடு பிறந்தது போல ஓடும். பினாங்கு மலாய்க்காரர் ஒருவர் வெறுங்காலோடு பின்வரிசையில் நிற்பார். பூட்ஸ் போட்டவன் எல்லாம் அவரைக் கண்டு ஒதுங்குவான். சிலாங்கூரில் ஒரு எஞ்சினியர் துரை, நெகிரி செம்பிலானில் ஒரு யுரேஷியப் பையன். ஒவ்வொரு இடத்துக்கும் அடிதடி. காப்பி ஆறிப்போய், கடைக்காரர் முறைக்கும் அளவுக்குச் சண்டை.

கோல்கீப்பர் என்று வந்தபோது மட்டும் சண்டையே இல்லை. மூன்று பேரும் ஒரே ஆளைச் சொன்னோம். எங்கள் ஊர்க்காரன், என் சிநேகிதன், ரயில்வே குட்ஸ் ஷெட்டில் வேலை.

மலாய்க்கார நண்பன் அப்போதுதான் கேட்டான். "சரிலா, அவன் எந்த டீம்?"

அங்கேதான் இடித்தது. ஏனென்றால் அவன் எந்த டீமிலும் இல்லை. ரயில் தண்டவாளத்துக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில்தான் எங்களோடு ஆடுவான்.

காரணம் இதுதான். இங்கே பந்தாட்டம் சமூகவாரியாக நடக்கிறது. வெள்ளைக்காரர் அணி, மலாய்க்காரர் அணி, சீனர் அணி, இந்தியர் அணி, சிலோன்காரர் அணி. மாநில அணிக்கு ஆள் பொறுக்கும் துரைமார் இந்த அணிகளின் ஆட்டங்களைத்தான் வந்து பார்ப்பார்கள். என் சிநேகிதனுடைய அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் எழுத்து வேலை. அம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கங்காணியின் மகள், தஞ்சாவூர் வழி. தமிழ் என்னவோ இரண்டு பக்கமும் தமிழ்தான். ஆனால் பந்து என்று வந்தால் இவர் சிலோன், அவர் இந்தியா.

அடுத்த மாதம் இந்தியர் அணிக்கும் சிலோன்காரர் அணிக்கும் படாங்கில் ஆட்டம் இருந்தது. கோலாலம்பூருக்குப் போகும் பேராக் அணிக்கு அதிலிருந்து சிலரைப் பொறுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அதில் அவன் நிற்காவிட்டால் அவனை யாரும் பார்க்கப் போவதில்லை. நான் ஏற்கெனவே இந்தியர் அணியில் முன்வரிசை ஆட்டக்காரன். அவனையும் எங்கேயாவது நுழைத்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

முதலில் சிலோன் அணிச் செயலாளர். ரயில்வே ஆபீசில் பெரிய கிராணி. மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, பொடியன் கெட்டிக்காரன்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் தாய் தோட்டத்து ஆள் எல்லோ. இவனைச் சேர்த்தால் நாளைக்கு எங்கட ஆக்கள் என்னைத்தான் பிடிச்சுக் கேப்பினம்."

சரி என்று எங்கள் இந்தியர் அணிச் செயலாளரிடம் போனேன். அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸ்ஸர். "அவங்கப்பா யாரு? சிலோன்காரரு. தோட்டத்துல பாத்திருக்கீங்கல்ல தம்பி? வேலை வாங்குற கிராணியெல்லாம் சிலோன், வெயில்ல நிக்கிறவன் எல்லாம் நம்ம ஆளு. இந்தப் பந்துலயாவது நம்ம ஆளு நிக்கட்டும்லா."

இரண்டு பேர் சொன்னதிலும் ஏதோ நியாயம் இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. சிநேகிதனிடம் வந்து சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், எங்க அம்மாவும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் ஏத்துக்கிட்டு எவ்வளவு காலமாச்சு! இந்தப் பதினோரு பேருக்கு இன்னும் ஏலாதாம்."

சிரித்தான்தான். ஆனால் அன்று பொட்டலில் பிடித்த பந்தையெல்லாம் தண்டவாளத்துக்கு அப்பால் ஓங்கி உதைத்துக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகுதான் நான் அந்தக் கோமாளித்தனத்தைச் செய்தேன். ஆள் பொறுக்கும் துரைமாரில் ஒருவர் நாயோடு தண்டவாளப் பக்கம் உலாவப் போனவர், எங்கள் பொட்டல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டார். இரண்டு நாள் கழித்துப் படாங்கில் என்னைப் பிடித்து, "அந்த உயரமான கோல்கீப்பர் யார்? அடுத்த ஆட்டத்தில் நிற்கிறானா?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சைக்கிளை எடுத்தேன். சிலோன் அணிச் செயலாளர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூச்சு வாங்க டிரஸ்ஸர் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன்.

மறுநாள் விடிவதற்குள் வேண்டாதவன் இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவன் ஆகிவிட்டான். சிலோன் செயலாளர் வீட்டிலிருந்து சிவப்புச் சட்டை வந்தது, டிரஸ்ஸர் வீட்டிலிருந்து நீலச் சட்டை வந்தது. அவனுடைய அம்மா நீலத்தை மடித்து வைத்தாராம், அப்பா சிவப்பைத் தேய்த்து வைத்தாராம். கல்யாணமானதிலிருந்து வராத சண்டை அன்றைக்கு அந்த வீட்டில் வந்துவிட்டது என்று அவன் சொன்னபோது எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

ஆட்ட நாள். ஈப்போ மலைகளுக்கு மேலே மேகம் கறுத்துக் கிடந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து எங்கள் ஆட்டக்காரர்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, ரப்பர்ப் பால் வெட்டி முடித்துவிட்டு, தோட்டத் துரையிடம் சொல்லிக்கொண்டு அப்படியே வந்தவர்கள். அவர்களோடு வந்த கூட்டம் ஒரு பக்கம், ரயில்வேக் குடியிருப்புக் கூட்டம் ஒரு பக்கம். நடுவே என் சிநேகிதன், சிவப்பும் இல்லாமல் நீலமும் இல்லாமல், வேலைக்குப் போகும் காக்கிச் சட்டையில் வந்து நின்றான்.

இரண்டு செயலாளர்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"எங்கட பொடியன்! தகப்பன்ரை ஊர்தான் ஊர்!"

"தூக்கி வளத்தது யாரு? தாய்மாமன் எல்லாம் அங்க நிக்கிறாங்க பாருங்க!"

நடுவர் எங்கள் பள்ளிக்கூடத்துச் சீன வாத்தியார். வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "இது சிநேக ஆட்டம்தான். இரண்டு அணியும் ஒப்புக்கொண்டால் எனக்கு எதுவும் சரி. இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம், மழை வருகிறது" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார்.

சிநேகிதன் இரண்டு கைகளையும் மெதுவாக விடுவித்துக்கொண்டு, மரங்கள் இருக்கும் பக்கத்துக் கோல் கம்பத்தை நோக்கி நடந்தான். கம்பத்தடியில் நின்று இரண்டு கூட்டத்துக்கும் கேட்கும்படி கத்தினான்:

"நான் இஞ்சதான் நிப்பன்! ஆரு வேணும்னாலும் எனக்கு முன்னால வந்து நில்லுங்க! பாதியில நீங்க பக்கம் மாறுவீங்கதானே? மாறிக்குங்க. நான் மாற மாட்டேன்!"

யாழ்ப்பாணமும் தஞ்சாவூரும் ஒரே மூச்சில் கலந்த அந்தப் பேச்சைக் கேட்டு முதலில் கூட்டம் சிரித்தது. பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. முதல் பாதியில் அந்தப் பக்கம் நிற்பவர்கள் நாங்கள், இந்தியர் அணி. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினால் அங்கே வருகிறவர்கள் சிலோன்காரர்கள். அவன் அசையாமல் அதே கோலில் நின்றால் பாதி ஆட்டம் எங்களுக்கு, பாதி ஆட்டம் அவர்களுக்கு. ஆள் பொறுக்க வந்திருந்த துரை சிரித்துவிட்டார். துரை சிரித்ததைப் பார்த்து இரண்டு செயலாளர்களும் தலையாட்டினார்கள்.

அன்றைய ஆட்டம் போல ஒரு குழப்பத்தை நான் பார்த்ததில்லை. முதல் பாதியில் சிலோன்காரர்கள் அடித்த பந்தை எல்லாம் அவன் பிடித்தான். பிடித்ததும் சிலோன் கூட்டமே, "எங்கட பொடியன் பாருங்கோ!" என்று கை தட்டியது. பிறகு, 'ஐயோ, நம்ம அடியல்லவா' என்று ஞாபகம் வந்து நிறுத்தியது. அந்தப் பாதியில் நாங்கள் எதிர்ப் பக்கம் ஒரு கோல் போட்டோம். இரண்டாம் பாதியில் எங்கள் தோட்டத்து ஆட்டக்காரர்களுக்குக் கால் தளர்ந்துவிட்டது. சிலோன்காரர்கள் எங்கள் பழைய கோல்கீப்பரைத் தாண்டி இரண்டு போட்டுவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர், "டேய், நம்ம ஆளு அங்க நிக்கிறான்டா, அவன்கிட்ட ஏண்டா அடிக்கிறீங்க?" என்று எங்களையே திட்டினார்.

மழை பிடித்துக்கொண்டது. ஆட்டம் முடியும் நேரம். என் காலுக்குப் பந்து வந்தது. எனக்கு முன்னால் யாருமில்லை, கோலில் அவன் மட்டும். இதை அடித்தால் ஆட்டம் சமம். துரை பார்த்துக்கொண்டிருக்கிறார், என் பெயர் ஏறும். ஆனால் பந்து உள்ளே போனால் அவன் பெயர் இறங்கும். மெதுவாக அடித்தால் அவனுக்கே அவமானம், கண்டுபிடித்துவிடுவான். என்னிடம் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து மூலைக்கு அடித்தேன்.

அவன் எங்கிருந்து பறந்தான் என்று எனக்குத் தெரியாது. விரல் நுனியில் பட்டுப் பந்து கம்பத்துக்கு மேலே போனது. அவன் சேற்றில் குப்புற விழுந்து கிடந்தான்.

நான் இரண்டு கைகளையும் தூக்கிக் குதித்திருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எங்கள் ஆள் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "தோத்துட்டோம்டா! நீ எதுக்கு ஆடுற?"

எதற்கு ஆடினேன்? எனக்கும் விளங்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் துரை இரண்டு செயலாளர்களையும் கூப்பிட்டு, "இவன் யாருடைய ஆள்?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே குரலில், "எங்கள் ஆள்" என்றார்கள். "நல்லது. ஒரு அணியிலிருந்து ஒரு கோல்கீப்பர் பெயர்தான் வாங்குவோம். திங்கட்கிழமை அனுப்புங்கள்" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை இரண்டு அணியும் பெயர் அனுப்பின. சிலோன் அணி தன் பழைய கோல்கீப்பர் பெயரை அனுப்பியது. இந்தியர் அணியும் தன் பழைய கோல்கீப்பர் பெயரை அனுப்பியது. கேட்டால், டிரஸ்ஸர் தலையைச் சொறிந்தார். "அவங்க அனுப்பிடுவாங்கன்னு நெனச்சோம்லா. அவனும் போவான், நம்ம ஆளும் போவான்னு பாத்தோம்." பெரிய கிராணி ஐயாவும் அதையேதான் சொன்னார், தம்முடைய பேச்சில்.

கடைசியில் கோல் காக்க ஒரு வெள்ளைக்காரர் போனார். அதைவிடக் கொடுமை, என்னைக் கூடுதல் ஆட்டக்காரனாகச் சேர்த்திருந்தார்கள். அந்த மழையில் நான் அடித்த அடியைப் பார்த்துத்தானாம்! அவன் தடுத்த அடி என்னைக் கோலாலம்பூருக்கு ஏற்றியது, தடுத்தவனை ஈப்போவிலேயே விட்டுவிட்டது. போகமாட்டேன் என்று சொல்லத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். "போடா விசரா, போய்ப் பாத்துட்டு வந்து கதை சொல்லு" என்று துரத்திவிட்டான்.

என்னைக் களத்தில் இறக்கவில்லை. கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தேன். பேராக் சிலாங்கூரிடம் தோற்றது. தூரத்திலிருந்து உருண்டு வந்த ஒரு பந்து எங்கள் கோலுக்குள் போனபோது பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் வருத்தப்பட்டார்கள். நான் வருத்தப்பட்டேனா, 'வேண்டும், நன்றாக வேண்டும்' என்று நினைத்தேனா? இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. திரும்பி வந்ததும் அவன் கேட்டது ஒரே கேள்விதான்: "சிலாங்கூர் லெஃப்ட் விங் எந்தக் காலால அடிக்கிறான்?"

அந்தக் கேள்விதான் என்னை உசுப்பிவிட்டது. இப்போது நாங்களே ஓர் அணி சேர்த்திருக்கிறோம். சமூகப் பெயர் கிடையாது. இரண்டு மலாய்க்காரர், மூன்று சீனர், சிலோன் அணியில் கோபித்துக்கொண்டு வந்த ஒருவர், தோட்டத் துரை லீவு கொடுத்தால் சுங்கை சிப்புட்டிலிருந்து இரண்டு பால்வெட்டுக்காரர்கள், நானும் நில அளவை நண்பனும். கோலில் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படாங்கில் ஆட இடம் கேட்டுப் போனோம். "எந்தச் சமூகத்து அணி?" என்று கேட்டார்கள். முழித்தோம். முழித்ததைப் பார்த்து இரக்கப்பட்டோ என்னவோ, வரும் சனிக்கிழமை வெள்ளைக்காரர் அணியோடு ஒரு சிநேக ஆட்டத்துக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஜெயிப்போமா, ஐந்தாறு கோல் வாங்குவோமா, தெரியாது. நான் யார் பக்கத்து ஆள் என்று கேட்டால் எனக்கு இன்னும் குழப்பம்தான். ஆனால் நான் அடித்த பந்தை அவன் தட்டிவிட்ட அந்த நொடியில், யோசிக்க நேரமில்லாதபோது, என் கை தானாக யாருக்காக மேலே போனது என்பதில் மட்டும் குழப்பமில்லை. அதை நம்பித்தான் சனிக்கிழமை இறங்குகிறோம்.