தண்ணீருக்குள் ஒரு சும்மா

அலுவலகத்தில் அவளுக்கு மீன்காரி என்று பெயர். மீனின் பேச்சைப் போலவே அவள் பேச்சும் மேலே இருப்பவர்கள் காதில் விழுவதில்லை என்பது அதற்குக் காரணம்.

நீருக்குள் ரேடியோ எடுபடாது, ஒலிதான் போகும். அணையின் அடியில் மதகுகளைப் படமெடுக்கும் கருவி, அந்தப் படத்தை ஒலியாக்கிப் படகுக்கு அனுப்ப வேண்டும். கல்யாணம், குழந்தை, மாமியாரின் முழங்கால் அறுவை எல்லாவற்றுக்கும் நடுவே அவள் இதையே கட்டிக்கொண்டு அழுதாள். வீட்டில் கத்துவதற்கு அங்கே போய்ப் பழகுகிறாள் என்பார் கணவர்.

எதிரொலிதான் எதிரி. தரையில் முட்டி, சுவரில் முட்டி, ஒரே சேதி பலமுறை வந்து அடுத்த சேதியின் மேல் விழும். அவள் சேதியை ஒரே குரலில் அவசரமாகக் கொட்டாமல் பல சுருதிகளுக்குப் பங்கு போட்டாள். எல்லாம் சேர்ந்து நிதானமாக ஒலித்து, சேர்ந்து நிற்கும். எதிரொலி அடங்கும்வரை மௌனம். பிறகு அடுத்த பங்கு. அந்த மௌனத்துக்குக் கருவியின் கணினி நிரலில் அவள் வைத்த பெயர் 'சும்மா'.

கடைசிச் சோதனைக்குத் தலைமைப் பொறியாளரும் படகில் ஏறினார். "இன்னிக்குப் படம் வரலைன்னா ஒலியை விட்டுட்டுக் கேபிள் இழுத்துட வேண்டியதுதான்மா. உன் ஆளுங்களை வேற பிரிவுக்கு மாத்திடுவேன்" என்றார்.

கருவியை இறக்கியதும் படகின் திரையில் வந்தது வெறும் புள்ளிகள். ஒலியைக் கூட்டினாள். எதிரொலியும் கூடியது. கயிற்றை இழுத்துக் கருவியை மேலே ஏற்றி, நிரலைத் திறந்து பார்த்தாள். 'சும்மா'வைக் காணோம்.

யார் கை வைத்தது என்று கேட்டாள்.

தலைமைப் பொறியாளர் தொண்டையைச் செருமினார். "நான்தாம்மா. வேகம் கூடுமேன்னு பார்த்தேன். சும்மான்னு எழுதியிருந்துச்சு. சரி, சும்மா கெடக்குதுன்னு எடுத்துட்டேன்."

"அது சும்மா இல்ல சார். அதுதான் சார் வேலையே."

படகோட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

திரும்ப எழுதிக் கருவியை இறக்கினாள். திரையில் படம் மேலிருந்து வரி வரியாக இறங்கியது. இரும்புப் பலகை. துரு. வரிசையாக ஆணிகள். ஓர் ஆணியருகே மயிரிழைபோல விரிசல். இதுவரை எந்த முக்குளிப்பவரும் சொல்லாத விரிசல்.

தலைமைப் பொறியாளர் திரையருகே குனிந்தவர் நிமிரவே இல்லை. கேபிள்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக அப்படியே முனகினார்.

அது அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. படகோட்டியின் பக்கம் திரும்பிவிட்டிருந்தாள்.

"இன்னும் தள்ளிப் போங்கண்ணே. அந்தக் கோடி மதகு வரைக்கும் பார்த்துடலாம்."