கொட்டாரம் வழியாக நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

கொட்டாரம் சந்திப்பிலிருந்து சற்றுத் தள்ளி, மருந்துக்கடையை ஒட்டினாற்போல் இருக்கிறது நேசபாயின் தையல் கடை. பிளவுஸ் தைப்பதில் அவளை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. சொன்ன தேதியில் கொடுப்பாள் என்று நம்பவும் ஆள் கிடையாது. "நாளைக்கு வா மக்கா" என்றால் அடுத்த வாரம் என்று அர்த்தம். ஊருக்கே அது தெரியும். இருந்தும் துணியைக் கொண்டு கொடுத்துவிட்டு நடையாய் நடப்பார்கள். தையல் அப்படி.

இருபது வருடம் மெஷின் முன்னால் குனிந்தே இருந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. டாக்டர் நடக்கச் சொன்னார். அடுத்த வீட்டு முத்துக்கனி துணைக்கு வந்தாள். விடிகாலையில் கால்வாய்க் கரையோரம் இருவரும் நடந்தார்கள். கால்களைவிட வேகமாக நடந்தது முத்துக்கனியின் வாய். மருமகள் மீன் குழம்பில் மாங்காய் போட மறந்த கதையை இன்னொரு முறையும் கேட்க நேர்ந்த அன்று, "அக்கா, நான் அந்தப் பாலம் வரைக்கும் ஓடிட்டு வாறேன், கேட்டியளா" என்று சொல்லிவிட்டு நேசபாய் ஓடிவிட்டாள். நெஞ்சு அடைத்தது. பாலத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயலில் காற்று அலைந்துகொண்டிருந்தது. வேறு ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் அதற்கடுத்த பாலம் வரைக்கும் ஓடினாள்.

அப்படியே பழகிவிட்டது. நாகர்கோவிலில் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டம், அடுத்த வருடம் ஒரு அரை மாரத்தான். பெங்களூரில் நர்சாக இருக்கும் மகள் பிரீனா ஷூ வாங்கி அனுப்பினாள். ஓடுவதற்கான பேன்ட்டை நேசபாய் தானே தைத்துக்கொண்டாள், இருபக்கமும் பை வைத்து. கடையில் விற்கிறதை எல்லாம் போட்டுக்கொண்டு கொட்டாரத்தில் ஓட முடியாது என்பது அவள் கட்சி.

பிறகு முழு மாரத்தான் அறிவிப்பு வந்தது. கன்னியாகுமரியில் தொடங்கி, கொட்டாரம், சுசீந்திரம் வழியாக நாகர்கோவில் போய், அதே சாலையில் திரும்பி வர வேண்டும். டிசம்பர் முதல் ஞாயிறு.

"டிசம்பரிலயா?" என்றான் எட்சன். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பிய அவள் புருஷன். "கிறிஸ்மஸ் தையல் மலை மாதிரி கெடக்கு. சர்ச் பாடகர் குழுவுக்க பிளவுஸ் அத்தனையும் வெட்டின மாதிரியே கெடக்கு. லீலாபாய் டீச்சர் உன்ன உயிரோட விடுவாவளா?"

"ஒரு நாளுதானே ஓடுதேன். வருசம் பூராவுமா ஓடப்போறேன்?"

ஓட்டம் இருட்டோடு தொடங்கியது. முதல் தடவை கொட்டாரத்தைக் கடந்தபோது டீக்கடை மட்டும்தான் விழித்திருந்தது. சுசீந்திரத்தில் கோபுரத்தின் மேல் வெளிச்சம் விழுந்து, தெப்பக்குளத்தில் அது ஆடிக்கொண்டிருந்தது. நாகர்கோவிலில் திரும்பும் இடத்தில் தண்ணீர் கொடுத்த பையனிடம், "இது என்ன, பாதி சோலி முடிஞ்சு போச்சே" என்று சிரித்துவிட்டு வந்தாள்.

அந்தச் சிரிப்பு சுசீந்திரம் தாண்டும்வரைதான் இருந்தது. வழியில் பிடித்த தூறல் நின்று வெயில் அடித்தது. சாலையிலிருந்து ஆவி கிளம்பியது. தொடை இரண்டும் மரக்கட்டையாகிவிட, பாதம் எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. வழுக்கம்பாறை அருகே ஒரு ஸ்கூட்டர் பக்கத்தில் வந்து மெதுவாயிற்று. ஓட்டி வந்தது சுனிதா. வாடிக்கைக்காரி.

"நேசாக்கா! நீங்களா ஓடுதீங்க? என் சுரிதார் தச்சாச்சா?"

மூச்சே வராத நேரத்தில் பொய் எங்கிருந்து வரும்? ஆனாலும் வந்தது. "செவ்வாக்கெழம" என்றாள்.

ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண், பாவாடைக்கு நாடா கோத்தாயிற்றா என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை. பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தி மகளின் கவுனைக் கேட்டாள். அதற்கும் செவ்வாய்க்கிழமை. கொட்டாரம் வருவதற்குள் அந்த ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ஒரு மாத வேலை சேர்ந்துவிட்டது.

சந்திப்பு தெரிந்தபோது வலது கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. நொண்டிக்கொண்டே வந்தவள், சரியாகத் தன் கடைப் படியில்தான் போய் விழுந்தாள். பூட்டிய ஷட்டரில் சாய்ந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஆராதனை முடிந்து வரும் நேரம் அது. எதிர்ச் சாரியில் பாடகர் குழுப் பெண்கள் ஒன்றாக வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் லீலாபாய் டீச்சர். பள்ளிக்கூடத்தில் டிரில் நடத்திய குரல், ஓய்வு பெற்றபின்பும் ஓய்வு பெறவில்லை.

"நேசா! காலம்பற நீயும் சர்ச்சுக்கு வரல்ல, எங்க பிளவுசும் கைக்கு வரல்ல. இப்ப கடை வாசல்ல இருந்து யாருக்க பிளவுஸ் தைக்குத?"

எல்லோரும் சிரித்தார்கள். நேசபாயால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. "கால் பிடிச்சிட்டு அக்கா" என்றாள்.

டீச்சரின் முகம் மாறிவிட்டது. பட்டுச்சேலையோடு மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஷூவோடு பாதத்தைப் பிடித்து மேல்நோக்கித் தள்ளினாள். நேசபாய் போட்ட கூச்சலில் மருந்துக்கடைக்காரர் வெளியே வந்தார். அவர் கொடுத்த உப்புக் கரைசலை ஒரே மடக்கில் குடித்தாள். அதற்குள் எட்சன் வண்டியில் வந்து நின்றான்.

"ஏட்டி, போதும். வா, ஏறு. வீட்டுக்குப் போவோம்."

"முப்பத்தியாறு கிலோமீட்டர் ஓடினது உங்க வண்டியில ஏறதுக்கா?"

"அவ சொல்லது நியாயம்தான்" என்றாள் டீச்சர். "எட்சன், நீ வண்டியத் திருப்பு. நேசா, நீ எந்திரி. பிளவுஸ் இருவத்திநாலாந்தேதி சாயந்திரம் தந்தா போதும்."

"நெசமாவா அக்கா?"

"இத்தன பேரும் சாட்சி. எந்திரி பிள்ளே!"

எழுந்தாள். முதலில் நடை, பிறகு நொண்டி ஓட்டம். குழு முழுவதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே வந்தது. டீச்சர் ஒரு கிறிஸ்மஸ் பாட்டை எடுத்தாள். இரண்டாவது அடிக்கு யாரிடமும் மூச்சு இல்லை. வளைவு வந்ததும் ஒவ்வொருத்தியாகக் சாலையோரக் கலுங்கின் கைப்பிடித் திட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். இளையவளான ஜாஸ்மி மட்டும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ் ஸ்டாப் வரை ஓடி வந்து, "இனி நீங்க போங்க அக்கா" என்று கை காட்டினாள்.

அதற்குப் பிறகு தனியாகத்தான். கடற்காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியதும் வலி குறைந்ததா, அல்லது வலியோடு ஒத்துப்போய்விட்டாளா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியபோது யாரோ கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். "ஒரு நாற்காலி கெடைக்குமா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

பிறகு மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூன்றாம் இடம்.

"எத்தன பேரு ஓடினாவ?" என்று எட்சன் காதோடு கேட்டான்.

"மூணு பேரு."

"அத வெளிய சொல்லாத" என்றான். ஆனால் ஊர் முழுக்க முதலில் சொன்னது நேசபாய்தான், சிரித்துச் சிரித்து.

நான்கு நாள் மெஷின் பெடலை மிதிக்க முடியவில்லை. நின்றுகொண்டே துணி வெட்டினாள். எட்சனைப் பக்கத்தில் உட்கார வைத்து ஹூக் தைக்கக் கற்றுக்கொடுத்தாள். ஏசிக்குள் ஸ்க்ரூ முடுக்கிய விரல்களுக்கு ஊசி பிடிபடவே இரண்டு நாளாயிற்று. பாடகர் குழுவின் பிளவுஸ்கள் இருபத்துநாலாம் தேதி சாயந்திரம், விளக்கு வைப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தன. நேசபாயின் தையல் வாழ்க்கையில் சொன்ன நாளில் சொன்ன பொருள் போனது அதுவே முதல் முறை.

லீலாபாய் டீச்சரின் பிளவுஸில் மட்டும் ஹூக் வரிசை தலைகீழாக இருந்தது. அவள் அதைப் போட்டுக்கொண்டுதான் பாடினாள். பாட்டு முடியும்வரை முந்தானையை இழுத்துப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.