குட்டி விலாங்கின் அப்பா

லிஃப்ட்காரருக்கு வயிற்றெரிச்சல் அதிகம் என்று அவர் மனைவியே சொல்வார். சும்மா சொல்லக் கூடாது, அவர் பெண் எடுத்த குடும்பம் அப்படி. மாமனார் ஒரு காலத்தில் வெறுங்காலோடு கால்பந்து ஆடி, நாலு பேருக்கு நடுவில் நுழைந்து பந்தோடு வெளியே வந்ததால் ‘விலாங்கு’ என்று பெயரெடுத்தவர். அவருடைய மகன், அதாவது லிஃப்ட்காரரின் மச்சான், ‘சின்ன விலாங்கு’. மச்சானும் இவரும் ஒரே டீமில் ஆடியவர்கள். அவர் இடது ஓரம், இவர் வலது ஓரம். ஆட்டம் முடிந்து அந்த வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போன பழக்கத்தில்தான் இவருக்குக் கல்யாணமே ஆனது. பெண்ணைக் கொடுத்தவர்கள் கூடவே ஒரு பட்டப்பெயரையும் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அடுக்குமாடிகளில் லிஃப்ட் கதவு சிக்கினாலும் கயிறு முனகினாலும் கிரீஸ் டப்பாவோடு ஓடுகிறவர் என்பதால் லிஃப்ட்காரர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்த எரிச்சலுக்குத் தினமும் எண்ணெய் ஊற்றிய இடம் சலூன். சலூன்காரர் வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டதில்லை. அதனாலேயே தீர்ப்புச் சொல்ல அவரைவிட்டால் ஆளில்லை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் பவுடர் டப்பாவையும் சீப்புகளையும் தடுப்பவர்களாக நிறுத்துவார். பஞ்சை உருட்டிப் பந்தாக்கி, இரண்டு விரலால் அதை வளைத்து வளைத்துக் கொண்டுபோய், யார் எப்படி எதிராளிகளை ஏய்த்து டிரிபிள் செய்தார் என்று காட்டுவார். பேச்சு முதலில் உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்களில் தொடங்கும். கறுப்பு வெள்ளைக் காலத்து ஆள் பெரியவரா, இப்போது டிவியில் ஆடுகிற பையனா என்று அடித்துக்கொள்வார்கள். பாதிச் சவரம் ஆவதற்குள் பேச்சு உள்ளூர் மைதானத்துக்கு இறங்கிவிடும். பெரிய விலாங்கா, சின்ன விலாங்கா?

அங்கே ஒரு விதி இருந்தது. ஆடியவன் தன் பேரைத் தானே சொல்லக் கூடாது, வேறு யாராவதுதான் சொல்ல வேண்டும். லிஃப்ட்காரர் வருஷக்கணக்காக அந்த ‘வேறு யாராவது’க்காகக் காத்திருந்தார். காத்திருந்து அலுத்துப்போய், தன்னை உயர்த்த வழியில்லாதவர் மற்றவர்களை இறக்கும் வேலையில் இறங்கினார்.

“மாமனார் காலத்துல தடுக்கறவனும் வெறுங்கால்தான். மிதிபடுமோன்னு அவனே ஒதுங்கிடுவான். அது ஒரு டிரிபிளா?” என்பார்.

“சரி, உங்க மச்சான்?”

“அவர் ஒரே பக்கமாத்தான் திரும்புவாரு. தெரிஞ்சவன் கண்ணை மூடிக்கிட்டுத் தடுத்துடுவான்.”

இதோடு போயிருந்தால் குடும்பக் கதையாகவே முடிந்திருக்கும். ஆனால் அவருடைய ஒரே மகள் பந்தாட வந்தாள். பதினேழு வயதில் பெண்கள் டீமில் இடது ஓரம் ஆடினாள். அவளிடம் ஒரு வித்தை இருந்தது. ஓடிவந்து, பந்தை உள்ளங்காலால் அழுத்தி, தூங்கிவிட்டவள்போல ஒரு கணம் நிற்பாள். ஏமாந்த எதிராளி காலை நீட்டியதும் பந்தைக் குதிகாலுக்குப் பின்னால் இழுத்து மறுபக்கம் போய்விடுவாள். அதை முதலில் பார்த்த அன்றே சலூன்காரர் சீப்புகளை நிறுத்தி எல்லோருக்கும் செய்து காட்டிவிட்டார். “தாய்மாமன் கால் அப்படியே வந்திருக்கு, குட்டி விலாங்கு” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

பெற்றவன் ஒருவன் அங்கேயே சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாமனாரை மெச்சினார்கள், பொறுத்தார். மச்சானை மெச்சினார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். மகளையும் அந்தப் பக்கத்துக்கே தாரை வார்த்துக் கொடுத்ததை மட்டும் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் தொடங்கிவிட்டார்.

“அந்த நின்னு இழுக்கற வேலையை விட்டுடு. அது உன் மாமன் வித்தை. கைதட்டல்தான் கிடைக்கும், கோல் கிடைக்காது.”

“நல்லாத்தானே வருதுப்பா.”

“நல்லா வர்றதெல்லாம் நல்லதில்ல.”

சாப்பாட்டுக்குச் சாப்பாடு இதே பாட்டு. “புள்ள காலைச் சும்மா விடுங்களேன்” என்று மனைவி சொல்லிப் பார்த்தார். அவர் விடுவதாயில்லை. அந்தச் சீசன் முடிவதற்குள் மகள் நின்று இழுப்பதை விட்டுவிட்டாள். வந்த பந்தை உடனே தட்டிக் கொடுத்துவிட்டு ஓடினாள். லிஃப்ட்காரருக்கு மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் சலூனுக்குள் நுழைந்தார். பழைய வீடியோ கேசட் ஒன்றை யாரோ செல்போனுக்கு மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் டீம் மழையில் தோற்ற ஒரு மேட்ச், அதுவும் இரண்டாம் பாதி மட்டும். சலூன்காரர் அதை டிவியில் போட்டார். அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட வந்த மகளும் வாசலிலேயே நின்று பார்த்தாள். திரையில் எல்லோரும் சேற்றில் முக்கி எடுத்தவர்கள்போல இருந்தார்கள். முகம் தெரியவில்லை, முதுகில் நம்பர் மட்டும் தெரிந்தது.

இடது ஓரத்தில் பதினோராம் நம்பர் பந்தை வாங்கியது. மச்சானின் நம்பர். ஓடியது, பந்தை மிதித்தது, நின்றது. காலை நீட்டிய ஆள் சேற்றில் உட்கார, பந்து குதிகாலுக்குப் பின்னால் போய் மறுபக்கம் வந்தது. அடுத்த ஆளும் அதேபோல் உட்கார்ந்தான். மூன்றாமவன் விழாமலே ஏமாந்தான்.

சவரத்துக்கு உட்கார்ந்திருந்த ஒருவர் நுரையோடு எழுந்துவிட்டார். லிஃப்ட்காரருக்குக் காந்தியது.

“பார்த்தீங்களா?” என்றார். “இதைத்தான் நான் தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னேன். ஒருத்தனைத் தாண்டினதுமே நடுவுல கொடுத்திருந்தா கோல். மூணு பேரை ஏமாத்தினா என்ன கிடைச்சுது? சுயநலம் பிடிச்ச ஆட்டம். இந்த ஒரு ஆளாலதான் அன்னிக்கு நாம தோத்தோம்.”

மச்சான் சங்கடத்தோடு சிரித்தார். “கொஞ்சம் பார்த்துப் பேசுங்க மாப்ளே. அந்த மாதிரி நம்ம கிரவுண்டுல எங்கப்பாவே போனதில்ல.”

“விதியை மீறாதீங்க மச்சான். தன் பேரைத் தானே சொல்லக் கூடாது.”

“நான் எங்க என் பேரைச் சொன்னேன்?”

மகள் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். “அப்பா, மாமா இங்க இருக்காரு.”

அவள் விரல் வைத்த இடத்தில், கோட்டுக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் சட்டையில்லாமல், சேறு கழுவிய முகத்தோடு ஒருவர், கணுக்காலில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கத்திக்கொண்டிருந்தார். இடைவேளையோடு கால் பிசகி வெளியே வந்த மச்சான்தான் அது. லிஃப்ட்காரரின் சட்டை கிழிந்திருந்ததால் நடுவர் அதோடு இறங்கக் கூடாது என்றுவிட, தன் பதினோராம் நம்பரைக் கழற்றிக் கொடுத்து இடது ஓரத்துக்கு அனுப்பியதும் அவர்தான். மூன்று பேரை ஏமாற்றிய அந்தப் பதினொன்று லிஃப்ட்காரரேதான். தோற்றது ஒன்றைத் தவிர அந்த மேட்சில் எதுவும் இவர் ஞாபகத்தில் நிற்கவில்லை. தன் பலம் வேகம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தார். ஆடுகிறவன் எதிராளியின் காலைத்தான் பார்க்கிறான், தன் காலை வெளியே நின்று யார் பார்த்தது?

சலூன்காரர் மச்சானைப் பிடித்துக்கொண்டார். “இத்தனை நாள் ஏன் சொல்லல?”

“எத்தனையோ தடவை சொன்னேன். தங்கச்சி புருஷனை விட்டுக்கொடுக்காம பேசறேன்னு நீங்கதான் சிரிச்சீங்க.”

அது உண்மைதான். லிஃப்ட்காரரும் அதைக் கேள்விப்பட்டு, நக்கல் பண்ணுகிறார் என்று கறுவியவர். இப்போது அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பொறாமை. பெருந்தன்மையிலும் இந்த மனுஷனே முந்திக்கொண்டாரே என்று நெஞ்சு எரிந்தது. அடுத்தவனை மனசாரப் புகழ்ந்துவிட்டு நிம்மதியாகத் தூங்க இந்த ஆளுக்கு மட்டும் எப்படி முடிகிறது?

வீட்டுக்குப் போகவில்லை. நேரே மகளை அழைத்துக்கொண்டு தான் லிஃப்ட் பார்க்கும் ஒரு அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். தூணோரம் கிடந்த பந்தை அவளிடம் உருட்டினார்.

“அதை ஒரு தடவை செஞ்சு காட்டும்மா. நான் தடுக்கறேன்.”

அவள் ஓடிவந்தாள். பந்தை மிதித்தாள். ஆனால் நிற்க முடியவில்லை, கால் அவசரப்பட்டுப் பந்தைத் தட்டிவிட்டது. மறுபடி முயன்றாள். இந்த முறை இழுத்த பந்து அவள் குதிகாலிலேயே பட்டு ஒரு காருக்கு அடியில் போய்விட்டது.

“வரலப்பா. தட்டிக் கொடுத்தே பழகிடுச்சு.”

“இன்னொரு தடவை பாரு.”

அவள் பந்தை எடுக்கப் போகவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள்.

“மாமா அப்பவே சொன்னாரு. ‘அது என் கால் இல்லடி, உங்கப்பா கால், அவர் சொல்றாருன்னு விட்டுடாத’ன்னு. நான்தான் நம்பல.”

“ஏம்மா நம்பல?”

“நீங்க அதை அப்படி வெறுத்தீங்க. உங்களோடதா இருந்தா அவ்வளவு வெறுப்பீங்களா?”