காலை நகர்த்து மாமா

சித்தூரில் நான் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தபோது, வருடத்துக்கு ஒருமுறை மலையடிவாரத்தில் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும். ரிவால்வர் பிடிப்பதைப் பற்றிய கையேடு எனக்கு மனப்பாடம். கைப்பிடியை உயரப் பிடிக்க வேண்டும். குழலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். டிரிகரை வெடுக்கென்று இழுக்காமல் அழுத்த வேண்டும். இவ்வளவு தெரிந்தவன் என்ற மரியாதை குண்டுக்கு இல்லை. இடது பக்கமே போகும்.

இடது பக்கத்தில் நிற்பவன் என் நண்பன். விஜயபுரத்துக்காரன், என்னோடு வேலைக்குச் சேர்ந்தவன். கையேட்டைப் பிரித்ததே இல்லை. ஆனாலும் குறி அட்டையின் நடுவைச் சல்லடையாக்குவான்.

"காலி ரிவால்வர தூக்கு மாமா. கண்ண மூடு. இப்ப தொற. எங்க பாக்குது?"

குழல் அவனுடைய அட்டையைப் பார்த்தது. மணிக்கட்டைத் திருப்பினேன்.

"கைய வளைக்காத, சுடும்போது திரும்பவும் அங்கதான் போவும். காலை நவுத்து. என் பேச்ச கேட்டுக்கினு என் பக்கமே திரும்பிக்கினு நின்னா வேற எங்க போவும்? எனக்கு மார்க் வாங்கித் தர்றியா?"

நகர்த்தினேன். தேறினேன். அடுத்த வருடம் மறுபடியும் அவன் பக்கம் திரும்பி நின்று, மறுபடியும் திட்டு வாங்கினேன்.

அப்புறம் தெருவுக்குத் தெரு குவைத்துக்குக் கிளம்பிய காலம் வந்தது. அவனுடைய மச்சான் அங்கே அவனுக்கு ஒரு வேலை பார்த்து வைத்திருந்தான்.

"ராஜினாமா எழுதிக் குடு மாமா. ரூல்ஸ் எல்லாம் உனக்குத்தான் தெரியும்."

தெலுங்கில், விதி எண்களோடு எழுதிக் கொடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் எந்தக் காகிதமும் முதல் தடவையில் தேறியதில்லை. ஏதாவது குறை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், அதற்குள் அவன் மனம் மாறிவிடும் என்று நம்பியிருந்தேன். ஒரு குறையும் இல்லையாம். என் வாழ்நாளில் நான் வைத்த குறி நடுவில் தைத்தது அந்த ஒரு தடவைதான்.

குவைத்திலிருந்து அவன் மகனோடு ஆஸ்திரேலியா போய்விட்டான். நான் போன் செய்ய நினைக்கும் நேரத்தில் அவன் தூங்கிக்கொண்டிருப்பான்.

ஓய்வு பெற்றபின் திருப்பதியில் ஒரு துப்பாக்கி கிளப்புக்குப் போகிறேன். அங்கே இருப்பது ஏர் பிஸ்டல். ரவை போடுவதற்கு முன், முறைப்படி கண்ணை மூடித் தூக்கி, கண்ணைத் திறக்கிறேன். இடது பக்க அட்டையைப் பார்த்து நிற்கிறது. அங்கே ஆள் யாரும் இல்லை.

காலை நகர்த்தினால் சரியாகிவிடும். எனக்குத் தெரியாத முறையா? கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறேன்.