அம்மா போட்ட புள்ளிகள்

"இந்த ஒண்ண மட்டும் ஏன் அழிக்காம விட்டே?"

கண்ணாடி முன்னால் நின்று, இடது புருவத்துக்கு மேலே இருக்கும் சின்னப் பள்ளத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்கிறாள் என் மகள். அவளுக்கு ஐந்து வயது. அம்மை இறங்கியபோது மிச்சமான ஒரே வடு அது.

அதை ஏன் என்னிடம் கேட்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு விண்வெளித் தொடர் பைத்தியம் உண்டு. கல்லூரியில் பிடித்தது, கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது ஃபோனைக் குழாய்க்கு மேலே சாய்த்து வைத்துப் பார்ப்பேன். அதில் ஒரு கிரகத்துக்காரர்களுக்கு முகமெல்லாம் சிவப்புப் புள்ளிகள் இருக்கும். பொய் சொன்னால் அவை மங்கிவிடும். மாட்டுங்காவில் ஒரு ஹாலில் அந்தத் தொடரின் ரசிகர்கள் வேஷம் போட்டுக்கொண்டு கூடினார்கள். அதற்காக மகளின் கன்னங்களில் ஃபேஸ் பெயிண்டால் புள்ளி வைத்துக் கூட்டிப் போனேன். திரும்பி வந்து தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன், போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்றில் முதல் கொப்புளத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. "ஸ்கூல்ல இருந்தும் வந்திருக்கலாம்" என்றார் டாக்டர். நான் அந்த 'உம்'மைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தவித்தேன்.

என் கணவருக்குச் சின்ன வயதில் அம்மை வந்ததில்லை. அதனால் அவர் தாராவியில் அவருடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு வந்து போயிருந்தது. நானும் மகளும் செம்பூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் இருந்தோம். இளநீரும் வேப்பிலையும் போட்ட பையை அவர் கதவில் மாட்டி, மணியடித்துவிட்டு, மாடிப்படியில் இறங்கி நின்று கையாட்டுவார்.

தாராவியிலிருந்து அத்தை ஸ்பீக்கரில் பேசினார்.

"ஏட்டி, பிள்ளைக்கு அம்மா போட்டிருக்கா. தாளிக்காத. தல சீவாத. அவ என்ன செஞ்சாலும் திட்டிராத, என்ன?"

"சரி அத்தை."

அத்தையின் திருநெல்வேலிப் பேச்சில் அம்மையை நோய் என்று சொல்வதில்லை. அம்மன் வந்து போட்டது, அவ்வளவுதான். அந்த அம்மா வேறு, நான் வேறு என்பது எனக்கும் அத்தைக்கும் தெரியும். தெருவிலும் பள்ளியிலும் இந்தி பேசி வளரும் என் மகளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு அம்மாதான்.

அன்று சாயங்காலம் லோஷன் தடவப் போனபோது என் கையைத் தட்டிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். அப்பா வீடியோ காலில் வந்ததும் முறையிட்டாள்.

"பப்பா, அம்மா நே டாலா." அம்மாதான் போட்டாளாம்.

அவர் சிரித்தார். "என்னத்தப் போட்டா? ரெண்டு அடியா?"

"புள்ளி. போன தடவ போட்டது போயிடுச்சு. இப்ப போகாத மாதிரி போட்டிருக்கா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் இல்லடா கண்ணு, அது வேற அம்மா" என்றேன். அவள் கண்கள் பெரிதாயின. "வேற அம்மா எங்க? கிச்சன்லயா?" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். "வைரஸ்னு சொல்லிடேன்" என்றார் அவர். சொன்னேன். "வைரஸ யாரு போட்டா?" என்று என்னையே பார்த்தாள்.

அதற்குப் பிறகு என்னைத் தொடவே விடவில்லை. சொறிந்துகொண்டே தூங்கினாள். லோஷன் பாட்டில் நிறைந்தபடியே இருந்தது. கூடப் படித்த தோழி ஃபோனில், "உன்னையும் கொஞ்சம் கவனிச்சுக்கோ, உனக்குப் பிடிச்சதப் பாரு" என்றாள். தலை சீவாமல், தாளிக்காத ரசம் குடித்துக்கொண்டிருந்த எனக்கு அதுகூடச் செய்யலாமா என்று தெரியவில்லை. அத்தையிடம் கேட்டேன்.

"அம்மா வந்திருக்கிற வீட்டுல சீரியல் பாக்கலாமா அத்தை?"

"சத்தத்தக் கொறச்சு வச்சுப் பாரு. அம்மாவும் எத்தன நேரம் சும்மா இருப்பா? அவளுந்தான் பாக்கட்டும்."

பார்த்தேன். புள்ளிக்காரர்கள் திரையில் வந்ததும் மகள் சுவரை விட்டு மெல்ல நகர்ந்து வந்தாள்.

"இவங்களுக்கு யாரு போட்டா?"

"மேக்கப் போடுறவங்க."

"வலிக்குமா?"

"தெரியல. எனக்குப் போட்டுப் பாரேன்."

பெயிண்டை எடுத்துக் கொடுத்தேன். நோயை விளையாட்டாக்குவது சரிதானா, சாமி குற்றம் ஆகிவிடுமோ என்று உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அவள் மண்டி போட்டு உட்கார்ந்து, சிக்குப் பிடித்த என் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். "அசையாத" என்றாள். சில்லென்ற சின்ன விரல் நெற்றியில், மூக்கில், தாடையில். கண்ணை மூடிக்கொண்டேன். அந்த வாரத்தில் என் முகத்தை ஒருவர் தொட்டது அப்போதுதான்.

"வலிக்குதா?"

"இல்ல."

"எனக்கு அரிக்குது" என்று தன் கையை நீட்டினாள். பஞ்சில் லோஷனை நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றினேன்.

அப்போது அத்தையின் வீடியோ கால். என் முகத்தைப் பார்த்ததும் பதறினார். "உனக்கும் போட்டுட்டாளாட்டி?"

"நான்தான் போட்டேன்" என்றாள் மகள்.

அத்தை ஃபோனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையும் கூப்பினார். "நீ போட்டா சரிதாம் தாயே."

கொப்புளங்கள் காய்ந்த பிறகு, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினேன். பொருக்கு உதிர்ந்தது. வீடு திரும்பிய அப்பாவிடம் ஓடினாள். "பப்பா, அம்மாவே எல்லாத்தையும் அழிச்சிட்டா." அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து நான் திருத்தவில்லை. அந்தக் கிரகத்தில் பிறந்திருந்தால் என் புள்ளிகள் அப்போதே மங்கியிருக்கும்.

இப்போது தினமும் அந்த ஒரு வடுவுக்குக் காரணம் கேட்கிறாள். போட்டதும் நான் இல்லை, அழித்ததும் நான் இல்லை என்று சொன்னால் மறுபடியும் சுவரோரம் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் விட்டால், நாளைக்கு என்னால் அழிக்க முடியாத ஒன்று வரும்போது என்ன செய்வது என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் உங்களை இப்படி நம்பியிருந்தால், அது உங்களால் ஆகாத காரியம் என்பதை எந்த வயதில், எந்த வார்த்தையில் சொன்னீர்கள்? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். அதுவரை அந்த இடத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன்.