ஸேட் போதவில்லை

பண்டாரவளையில் நான் நடத்திய ஆங்கில வகுப்பில் அந்தப் பெண்தான் மூத்தவர். தேயிலைக் கறை படிந்த விரல்கள். புதுச் சொல் எதையும் முதலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சத்தமாகச் சொல்வார். ஜோர்தானுக்கு மறுபடியும் வீட்டு வேலைக்குப் போகவிருந்தார்.

ஒருநாள் எல்லாரும் போன பிறகும் நின்றார்.

"டீச்சர், கவலைக்கு ஸேட்டுங்கற சொல்லு மட்டுந்தானா?"

"ஏன் கேக்குறீங்க?"

"போன தடவ அங்க இருக்கையில, அம்மா தவறிட்டாங்கன்னு போன் வந்துச்சு. அழுதுகிட்டே பாத்திரம் கழுவுனேன். மேடம் என்னான்னு கேட்டாங்க. ஸேட்டுன்னேன். தனக்கும் இன்னைக்கு ஸேட்டுதான்னு சொல்லி, ஒரு சாக்லேட்ட குடுத்துட்டுப் போயிட்டாங்க. நல்ல மனுசிதாங்க. எனக்குத்தான் சொல்லத் தெரியல."

தனிமைக்கு லோன்லி, வீட்டு ஏக்கத்துக்கு ஹோம்சிக் என்று சொல்லிக்கொடுத்தேன். கடைசியாக, இறந்தவர்களை நினைத்துப் படும் துயரத்துக்கு கிரீஃப் என்றேன்.

அதைச் சொல்லிப் பார்த்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இதுதாங்க டீச்சர்," என்றார் பிறகு.

அடுத்த வாரம் விமானம் ஏறிவிட்டார். நான் கற்றுக்கொடுத்ததில் அந்த ஒரு சொல் மட்டும் அவருக்கு இனித் தேவைப்படவே கூடாது என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.