மூக்கு இல்லாத போன்

திண்டிவனத்தில் எண்ணெய் மில் வைத்திருந்த அவர், யார் வந்தாலும் பேசுவதற்கு முன் அவர்கள் புறங்கையில் ஒரு சொட்டு மல்லாட்டை எண்ணெயை, அதாவது கடலை எண்ணெயை, தடவிவிடுவார். அவருடைய சட்டைப் பையில் எண்ணெய்க் கறை இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

அவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் நான். ஆறு மாதம் ஆகியும், போனில் எண்ணெய் மில் என்று தேடினால் மற்ற மில்லெல்லாம் வந்தது, அவருடையது வரவில்லை. நியாயம் கேட்கக் கூப்பிட்டிருந்தார்.

"பேஜாரா கீதுங்க. பைபாஸ்ல போற மெட்ராஸ் காரெல்லாம் போனைப் பாத்துக்கினு வேற மில்லுக்குப் போவுது."

"போட்டோவா குடுத்தீங்க. என்ன எண்ணெய், எப்படி ஆட்டறீங்க, மில்லு எங்க இருக்குதுன்னு ஒரு வரி எழுதித் தரலையே. எழுத்து இருந்தாத்தான் அது தேடிப் புடிக்கும்."

"எண்ணெயப் போயி எழுதிக் காட்டுவாங்களா? மோந்து பாத்தா தெரியாதா?"

"போனுக்கு மூக்கு இல்லீங்க."

அவர் என் போனைப் பரிதாபமாகப் பார்த்தார். "மூக்கு இல்லாததுகிட்டயா என் யாவாரத்தைக் குடுத்தீங்க?"

கிளம்பும்போது என் இன்னொரு கையிலும் தடவிவிட்டார்.

விழுப்புரம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் இரண்டு முறை மூச்சை இழுத்தார். "நல்ல மல்லாட்டை எண்ணெயா இருக்குதே. எந்த மில்லுங்க?"

வழி சொன்னேன். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் முன் சீட்டுக்காரரும் திரும்பிக் கேட்டார். வெப்சைட்டில் எழுதாமல் விட்ட அத்தனையையும் வாயாலேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

இன்னொரு கையில் எதற்குத் தடவினார் என்று அப்போதுதான் யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.